போட்டிக்கு முன் வாந்தி எடுக்கும் பெண்ணுக்கு ரோண்டா ரௌசியின் நம்பிக்கை வருமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலோட்டமாக அது, ஒலிம்பிக் ஜூடோவிலிருந்து கலப்புத் தற்காப்புக்கலைக்கு (குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டை) போய் சாம்பியன் ஆன அமெரிக்க வீராங்கனை ரோண்டா ரௌசியைப் பற்றியது. அவருடைய பழைய பேட்டிகளைப் பார்த்திருக்கிறீர்கள். தோற்கக்கூடும் என்ற நினைப்பே இல்லாத மாதிரி ஒரு பெண் பேசுகிறாரே, அந்த வெறியும் நம்பிக்கையும் பிறக்கும்போதே வந்ததா, பழக்கினால் வருமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உண்மையான கேள்வி கடைசி மூன்று வரியில் இருக்கிறது. உங்கள் மகளுக்கு 14 வயது. மூன்று வருடமாக ஜூடோ. மாவட்டத்தில் தங்கம் வாங்கியவள், ஆனால் பெரிய போட்டி நாளில் காலையில் வாந்தி எடுக்கிறாள். "அவளுக்கு அது இல்லையோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் கண்ணாடி முன்னால் நின்று "நான்தான் சாம்பியன்" என்று சொல்ல வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ரௌசியின் கதையை முழுசாகப் பார்த்தால் மகளைப் பற்றிய உங்கள் கவலை பாதியாவது குறையும்.

நான் மாநில அளவில் விளையாடியவள். பாட்டியாலாவில் பயிற்சியாளர் டிப்ளமோ முடித்து, 22 வருடமாகப் பெண் பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்கிறேன். மனநல மருத்துவம் படித்தவள் அல்ல. அதனால் மேட்டின் (ஜூடோ விளையாடும் விரிப்பு, mat) மேல் கண்ணால் பார்த்ததையும், பொதுவெளியில் பதிவாகியிருப்பதையும் உறுதியாகச் சொல்வேன். ஒருவர் மனதுக்குள் என்ன நடந்தது என்பதை ஊகமாகத்தான் சொல்ல முடியும். எது ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் மூன்று வெவ்வேறு விஷயங்களைத் "தைரியம்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மழை பெய்தாலும் காலை நாலரை மணிக்கு எழுந்து ஓட வைப்பது ஒன்று. அதை வெறி என்றோ வைராக்கியம் என்றோ சொல்லலாம். எதிரியின் காலர் கைக்குக் கிடைத்த அடுத்த நொடி "இவளைப் போட்டுவிடலாம்" என்று உடம்புக்கே தெரிவது இன்னொன்று. அதுதான் நம்பிக்கை. மைக்கின் முன்னால் பேசுவது மூன்றாவது. நீங்கள் காணொளியில் பார்த்தது பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான். டிக்கெட் விற்கும் தொழிலில் அந்தப் பேச்சும் வேலையின் ஒரு பகுதி. அதை வைத்து உள்ளே இருப்பதை அளக்க முடியாது. வாயே திறக்காமல் எல்லாரையும் தூக்கிப் போட்ட பிள்ளைகளும் என்னிடம் இருந்திருக்கிறார்கள், வாய் ஓயாமல் பேசிவிட்டு மேட்டில் கால் வைத்ததும் உறைந்துபோனவர்களும் இருந்திருக்கிறார்கள்.

வெறி மட்டும் தனியாக எப்படி இருக்கும் என்பதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ரஸ்டி கனோகோகியுடையது. 1959இல் நியூயார்க் மாநிலத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய ஜூடோ போட்டியில் ஆண்களின் அணியில், ஆண் போலவே தோற்றத்தை மாற்றிக்கொண்டு இறங்கி ஜெயித்தவர். நீ பெண்ணா என்று கேட்டபோது ஆமாம் என்றார். பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தன் வீட்டை அடமானம் வைத்து 1980இல் நியூயார்க்கில் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ சாம்பியன்ஷிப்பை நடத்தினார். 1988இல் சியோலில் காட்சிப் போட்டியாகவும், 1992இல் பார்சிலோனாவில் முழுப் பதக்கப் போட்டியாகவும் பெண்கள் ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்ததற்குப் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. 2009இல், அவர் இறந்த அதே வருடம், ஒய்.எம்.சி.ஏ. அவருக்கு ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தது. 50 வருடம் ஒருவரைச் செலுத்தியது ஜெயிப்போம் என்ற உறுதியாக இருந்திருக்க முடியுமா? எனக்குத் தெரிந்தவரை அது ஒரு அநியாயத்தை விடமாட்டேன் என்ற பிடிவாதம். வெறிக்கு நம்பிக்கை தேவையே இல்லை. பயந்துகொண்டே வெறியோடு இருக்கலாம். உங்கள் மகள் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறுகிறாளே, அது என்னவென்று நினைக்கிறீர்கள்?

இனி ரௌசி. கலிஃபோர்னியாவில் 1987இல் பிறந்தவர். பிறக்கும்போது தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததால் சின்ன வயதில் பேச்சு சரியாக வரவில்லை. எட்டு வயதில் தந்தையை இழந்தார், அது தற்கொலை. தாய் ஆன்மரியா டி மார்ஸ் 1984இல் வியன்னாவில் உலக ஜூடோ பட்டம் வென்றவர். அமெரிக்கர்களில் ஆணோ பெண்ணோ அதற்கு முன் யாரும் உலக ஜூடோ பட்டம் வென்றதில்லை. காலையில் மகளை எழுப்பும்போதே கட்டிலில் பாய்ந்து ஆர்ம்பார் போடுவாராம் அம்மா. முழங்கையை எதிர்ப்பக்கம் நெம்புகிற பிடி அது. எப்போது, எந்த நிலையில் வந்தாலும் உடம்பு தானாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கான பழக்கம். பிற்காலத்தில் ரௌசி ஜெயித்த ஃபைட்டுகளில் பெரும்பாலானவை முடிந்தது இந்தப் பிடியில்தான்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் மகள் கட்டில் மேல் பாயாதீர்கள். உலக சாம்பியனான ஒரு தாய், எவ்வளவு நெம்பலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று விரல் நுனியில் தெரிந்தவர் செய்தது அது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்த நம்பிக்கை வாயால் சொல்லி ஊட்டப்பட்டதல்ல, ஆயிரக்கணக்கான முறை அதே பிடியை உடம்பு சந்தித்ததால் வந்தது.

ரௌசியைப் பற்றி எல்லோரும் சொல்கிற ஒரு தவறான கதை இருக்கிறது. "அவர் தோல்வியே தெரியாமல் வளர்ந்தார், அதனால்தான் முதல் தோல்வியில் உடைந்துபோனார்" என்பார்கள். ஜூடோ பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது உண்மையில்லை என்று தெரியும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு 17 வயதில் போனார், முதல் சுற்றிலேயே ஆஸ்திரியாவின் கிளாவ்டியா ஹைலிடம் தோற்றார். ஹைல் அந்தப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். 2007இல் ரியோவில் நடந்த உலகப் போட்டியில் இறுதிக்கு வந்து தோற்று வெள்ளி. 2008 பெய்ஜிங்கில் காலிறுதியில் நெதர்லாந்தின் எடித் போஷிடம் தோற்றார்.

அந்தப் பெய்ஜிங் நாளைத்தான் நான் என் பிள்ளைகளிடம் விரிவாகப் பேசுவேன். ஜூடோவில் காலிறுதியில் தோற்றவர்களுக்கு ரெபஷாஜ் என்ற வழி உண்டு. அதே நாளில், கொஞ்ச நேர இடைவெளியில், மறுபடியும் மேட்டில் ஏறி வெண்கலத்துக்காகப் போராட வேண்டும். தங்கக் கனவு ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் செத்திருக்கும். வியர்வை காய்ந்திருக்காது, அழுகை தொண்டையில் நிற்கும், பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ரௌசி அன்று திரும்பி வந்து, கடைசியில் ஜெர்மனியின் ஆன்னெட் போமை வென்று வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் ஜூடோவில் பதக்கம் வாங்கிய முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். அவருடைய வாழ்க்கையில் நம்பிக்கை என்றால் என்ன என்று காட்டிய நாள் எது என்று என்னைக் கேட்டால், பின்னாளில் கலப்புத் தற்காப்புக்கலையில் வந்த 34 விநாடி, 14 விநாடி வெற்றிகளைச் சொல்ல மாட்டேன். இந்த வெண்கலத்தைச் சொல்வேன்.

எங்கள் விளையாட்டில் முதலில் சொல்லிக்கொடுப்பது விழுவதற்குத்தான். உக்கேமி. முதுகு வளைந்து, தாடை நெஞ்சோடு ஒட்டி, கை மேட்டில் படீரென்று அறைய வேண்டும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குப் பல வாரம் இது மட்டும்தான். பெற்றோர்கள் பொறுமையிழந்து "எப்போ மேடம் த்ரோ சொல்லித் தருவீங்க?" என்பார்கள். விழத் தெரியாத பிள்ளை ரண்டோரியில் (ஜோடி சேர்ந்து போடும் பயிற்சிச் சண்டை) இடுப்பைப் பின்னால் தள்ளி, கையை விறைத்துக்கொண்டு நிற்கும். தாக்கவே வராது. விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று முதுகுக்குத் தெரிந்த பிறகுதான் கை நீளும். எனக்குத் தெரிந்த நம்பிக்கையின் பிறப்பிடம் இது.

அப்படியானால், கலப்புத் தற்காப்புக்கலையில் அவர் முதல் முறையாகத் தோற்ற மெல்பர்னில் என்ன நடந்தது? இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சொல்ல முடியாததையும் பிரித்துச் சொல்கிறேன்.

கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டிகளை நடத்தும் நிறுவனமான யூ.எஃப்.சி.யில் பெண்களை இறக்கவே மாட்டோம் என்று அதன் தலைவர் 2011இல் சொல்லியிருந்தார். 2013 பிப்ரவரியில் ரௌசிக்காகவே பெண்கள் பிரிவு திறக்கப்பட்டது. முதல் ஃபைட்டில் லிஸ் கார்முஷ் அவர் முதுகில் ஏறி, கழுத்தையும் தாடையையும் நெரித்துத் திருகினார். அந்தக் காட்சியைக் கிடைத்தால் பாருங்கள். ரௌசி அப்போது பயந்தாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கைகளைப் பாருங்கள். பதறவில்லை. கால் கொக்கியை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதிரியை முன்னால் உதறித் தள்ளி, அதே சுற்று முடிவதற்குள் ஆர்ம்பாரில் முடித்தார். நெருக்கத்தில் சிக்கிக்கொள்வது அவருக்குப் பழகிய இடம்.

பிறகு வந்த வெற்றிகளில் சில விநாடிக் கணக்கிலேயே முடிந்தன. 2015 பிப்ரவரியில் கேட் ஜிங்கானோவை 14 விநாடியில், ஆகஸ்டில் ரியோவில் பெத் கொரேயாவை 34 விநாடியில் முடித்தார். இந்த இரண்டாவதை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன், ஏனென்றால் அது பிடியில் வந்த வெற்றி இல்லை, குத்தில் வந்தது. குத்துச்சண்டையில் தேர்ந்தவரல்லாத ஒருவரைக் குத்தி வீழ்த்தியது, குத்தும் தூரத்திலும் நான் வலுவானவள் என்று ரௌசிக்குச் சாட்சி சொல்லியிருக்கலாம். அந்தச் சாட்சி பொய். சுலபமான வெற்றி சில சமயம் தோல்வியைவிட மோசமான ஆசிரியர் என்பதை எங்கள் மாவட்டப் போட்டிகளிலேயே பார்க்கிறேன். எதிரிக்குக் கிரிப் (உடையைப் பற்றும் பிடி) எடுக்கவே தெரியாததால் ஜெயித்த த்ரோவை, பிள்ளை தன் சிறந்த த்ரோ என்று நம்பிவிடும்.

அடுத்து ஹாலி ஹோம். 2015 நவம்பர், மெல்பர்ன், 56,214 பேர் முன்னால். ஹோம் தொழில்முறைக் குத்துச்சண்டையில் உலகப் பட்டங்கள் வென்றவர். முதல் சுற்று முழுக்க அவர் பிடிக்கு அகப்படாத தூரத்தில் சுற்றிக்கொண்டே இடது கையால் குத்தினார். ரௌசி துரத்தினார், நேர்க்கோட்டில், தலையை அசைக்காமல். இரண்டாவது சுற்றில் 59ஆவது விநாடியில் ஹோமின் இடது கால் கழுத்தில் இறங்கியது, ஃபைட் முடிந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லாத பாடம் ஒன்று உண்டு. நம்பிக்கைக்குத் தூரம் உண்டு. ஒரு கை நீளத்துக்குள் ரௌசியின் நம்பிக்கை முழுக்க நியாயமானது, குழந்தைப் பருவத்திலிருந்து சம்பாதித்தது. இரண்டு கை நீளத்தில் அது கடன் வாங்கியது. ஒரே பெண்தான், ஒரே மனம்தான், ஆனால் எதிரி நின்ற தூரம் மாறியதும் அந்த நம்பிக்கைக்குக் கீழே இருந்த தரை மாறிவிட்டது.

ஹோமின் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். 2011 டிசம்பரில் பிரான்ஸின் ஆன் சோஃபி மாத்திஸிடம் அவர் மிகக் கொடூரமாக நாக் அவுட் ஆனவர். ஆறு மாதம் கழித்து அதே பெண்ணோடு மறுபடியும் மோதி ஜெயித்தார். மெல்பர்னில் அன்று நிதானமாகச் சுற்றியவர், மோசமான இரவு எப்படி இருக்கும் என்று உடம்பால் தெரிந்துவைத்திருந்தவர்.

தோல்விக்குப் பிறகு ரௌசி ஏன் அப்படி நொறுங்கினார் என்பது இன்னொரு கேள்வி. அதற்கு யாரும் முடிவான பதில் சொல்ல முடியாது. 2016 பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தோற்ற அந்த வேளையில் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமே வந்தது என்று அழுதுகொண்டே சொன்னார். அந்த வருடம் டிசம்பர் 30 அன்று, போட்டிக்கு முன் வழக்கமான பத்திரிகையாளர் சந்திப்புகளைத் தவிர்த்துவிட்டு, அமண்டா நூனெஸுக்கு எதிராக இறங்கி 48 விநாடியில் தோற்றார். பலரும் இதை "மனம் உடைந்துவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் 2024இல் அவரே வேறொன்றைச் சொன்னார்: ஜூடோ காலத்திலிருந்தே தலையில் பலமுறை அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது, அதை மறைத்தே விளையாடினேன் என்று. அது உண்மையென்றால், நாம் நம்பிக்கைக் குறைவு என்று பார்த்ததில் ஒரு பகுதி காயப்பட்ட மூளையாக இருந்திருக்கலாம். எவ்வளவு பகுதி என்று வெளியிலிருந்து பிரித்துக்காட்ட வழியில்லை. என் ஊகம் இது: தோற்க மாட்டேன் என்பது ஒருவருடைய தொழிலாக, விளம்பரமாக, முகவரியாகவே ஆன பிறகு, தோல்வி ஒரு ஃபைட்டோடு நிற்காது. பெய்ஜிங்கில் தோற்றபோது அவர் தோற்ற ஒரு ஜூடோ வீராங்கனை. மெல்பர்னில் தோற்றபோது, தான் யார் என்ற பதிலே கையைவிட்டுப் போயிருக்கும். ஊகம்தான், ஆனால் இதனால்தான் உங்கள் கண்ணாடி யோசனையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் இருக்கிறார், கெய்லா ஹாரிசன். ரௌசி பயிற்சி எடுத்த அதே மாசசூசெட்ஸ் ஜூடோ பள்ளியில் வளர்ந்தவர். சின்ன வயதில் அவருடைய முந்தைய பயிற்சியாளர் ஒருவர் அவரைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார். அந்த ஆள் சிறைக்குப் போனார். பதினாறு வயதில் அந்தப் பெண் புதிய பள்ளிக்கு வந்தபோது ஜூடோவையே வெறுத்தார். 2012 லண்டனில் 78 கிலோ பிரிவில் தங்கம், 2016 ரியோவில் மறுபடியும் தங்கம். அவருக்கு முன் எந்த அமெரிக்கரும் ஒலிம்பிக் ஜூடோவில் தங்கம் வாங்கியதில்லை. பிறகு கலப்புத் தற்காப்புக்கலைக்கு வந்தார். 2019இல் தான் இரண்டு முறை தோற்கடித்திருந்த லாரிசா பச்சேக்கோவிடம் 2022 நவம்பரில் தோற்றார். அதோடு முடியவில்லை. 2024 ஏப்ரலில் ஹாலி ஹோமையே பிடியில் பணிய வைத்தார், 2025 ஜூனில் யூ.எஃப்.சி. பட்டத்தையும் வாங்கினார்.

ஹாரிசன் தினமும் இரவு படுக்கும் முன் ஒலிம்பிக் நாளை ஆரம்பம் முதல் கடைசி வரை மனதில் ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதக்க மேடை வரை. இது "நான்தான் சாம்பியன்" என்று சொல்வது போலத்தானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. எழுந்திருப்பது, எடை பார்ப்பது, காத்திருப்பது, ஒவ்வொரு ஃபைட் என்று நாளை நடந்து பார்க்கிற பயிற்சி அது. செய்யப்போவதை மனதில் செய்து பார்ப்பதற்கும், ஆகப்போவதாக அறிவித்துக்கொள்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இதற்குப் படிப்பு வழியாகவும் ஒரு ஆதாரம் இருக்கிறது. ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977இல், ஒரு செயலை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடம்பின் படபடப்பை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இதில் மிகவும் வலுவானது முதலாவது. வாய்ச்சொல் ஊக்கம் அதற்குப் பக்கத்திலேயே வராது. பயிற்சியாளர் வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக இல்லை, மேட்டில் பார்த்ததற்குப் பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். ஆகவே கண்ணாடி வேண்டாம். போட்டியில் முதல் ஃபைட்டிலேயே தோற்றால், காலையில் சொன்ன வார்த்தை மாலையில் அவளைப் பார்த்துக் கேலி செய்யும்.

நான்காவது ஊற்றுதான் உங்கள் மகளின் வாந்தி. பெரிய ஆபத்து வருகிறது என்று உடம்பு நினைக்கும்போது அட்ரினலின் சுரக்கிறது, ரத்தம் வயிற்றை விட்டுத் தசைக்கு ஓடுகிறது. செரிமானம் நின்றுபோய்க் குமட்டல் வருகிறது. ஜெயிக்கிறவர்களுக்கும் இது வரும். என்னிடம் இருந்த ஒரு பெண் நான்கு வருடம் தொடர்ந்து மாநிலப் பதக்கம் வாங்கினாள், நான்கு வருடமும் வார்ம்-அப்புக்கு முன் வாளியைத் தேடினாள். அவளை மாற்றியது ஒரே விஷயம். ஆரம்பத்தில் "ஐயோ, வாந்தி வருது, இன்னைக்குத் தோத்துடுவேன்" என்பாள். பிறகு "வந்துருச்சு மேடம், இனி உடம்பு தயார்" என்று சொல்லப் பழகினாள். வாந்தி நிற்கவில்லை, அதன் அர்த்தம் மாறியது. வீட்டில் நீங்கள் பதறினால் அவளும் அதை நோயாகத்தான் எடுத்துக்கொள்வாள். ஒரு துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர், முந்தைய இரவே நன்றாகச் சாப்பாடு, காலையில் இட்லி மாதிரி லேசானது மூன்று மணி நேரத்துக்கு முன்னால். பேருந்தில் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. போட்டி இல்லாத நாளிலும் வாந்தி எடுக்கிறாள், தூக்கம் கெடுகிறது, மாதவிலக்கு நின்றுவிட்டது, சாப்பிட்டதும் கழிவறைக்குப் போகிறாள் என்றால் அது என் போன்றவர்கள் பதில் சொல்லும் விஷயமல்ல, டாக்டரிடம் கூட்டிப்போங்கள். குறிப்பாக எடை. ரௌசி 63 கிலோவுக்குள் நிற்க உடம்பை வருத்தி, சாப்பிட்டு வாந்தியெடுக்கும் நோய்க்கு ஆளானதைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். பெய்ஜிங்கில் பதக்கம் வாங்கியது 70 கிலோ பிரிவில். உங்கள் மகள் வாந்தி எடுக்கும் காலை எடை பார்க்கும் காலையும்தானா என்று கவனியுங்கள். 14 வயதுப் பிள்ளையின் எடையைக் குறைக்கச் சொல்லும் யாரையும், அது பயிற்சியாளரே ஆனாலும், நம்பாதீர்கள். வளர்கிற பிள்ளை மேல் பிரிவுக்குப் போகட்டும், ஒரு வருடம் தோற்கட்டும்.

தன்னைப் போன்ற ஒருவரைப் பார்ப்பது என்று இரண்டாவது ஊற்று சொன்னேனே, அதற்கு ரௌசியை விடப் பொருத்தமானவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். மணிப்பூரின் லிந்தோய் சனம்பம் 2022 ஆகஸ்டில் சராயேவோவில் கேடட் (18 வயதுக்குட்பட்டோர்) உலகப் போட்டியில் 57 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். எந்த வயதுப் பிரிவிலும் உலக ஜூடோ போட்டியில் இந்தியாவுக்கு அதற்கு முன் ஒரு பதக்கம்கூட வந்ததில்லை. உங்கள் மகளோடு சேர்ந்து அந்த ஃபைட்டுகளைப் பாருங்கள். இன்னொன்றும் பாருங்கள்: 2024 பாரிஸில் ஜப்பானின் யூய் சுசாகி. வெளிநாட்டு மல்யுத்த வீராங்கனை யாரிடமும் அதுவரை தோற்காதவர், வினேஷ் போகட்டிடம் கடைசி விநாடிகளில் தோற்றார். வினேஷுக்கு மறுநாள் 100 கிராமால் நடந்தது நமக்கெல்லாம் தெரியும், இன்றும் மனசு ஆறவில்லை. ஆனால் அதே மறுநாளில் சுசாகி திரும்பி வந்து வெண்கலம் வாங்கிவிட்டுப் போனதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

கடைசியாக, பெண் பிள்ளை என்பதால் மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. 22 வருடத்தில் பயத்தால் நின்றுபோன பெண்கள் என்னிடம் மிகக் குறைவு. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் நின்றவர்கள் அதிகம். "வயசுக்கு வந்த பிள்ளை ஆம்பளைப் பசங்களோட உருளுது" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்ன ஒரே வாக்கியத்தில் நின்றவர்கள் அதைவிட அதிகம். பயிற்சி எடுக்கும் இடத்தில் யாரோ ஒரு பெரியவர் நடந்துகொண்ட விதத்தை வீட்டில் சொல்ல முடியாமல் காரணம் சொல்லாமலே நின்றவர்களும் உண்டு. நான் விளையாடிய காலத்தில் நானும் அப்படி ஒரு முகாமிலிருந்து பாதியில் திரும்பியவள். அப்போது என் அப்பா "ஏன் வந்தாய்?" என்று கேட்கவில்லை, "அடுத்து எங்கே போய்ப் பழகலாம்?" என்று கேட்டார். என் நம்பிக்கை என்று ஏதாவது இருந்தால் அதன் பெரும்பகுதி அந்தக் கேள்வியில் இருந்து வந்தது. ஹாரிசனுக்குப் புதிய பள்ளி செய்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் பிறவியா பழக்கமா என்ற உங்கள் கேள்விக்கு: சுறுசுறுப்பு, முரட்டுத்தனம், வலி தாங்கும் அளவு இதிலெல்லாம் பிறவிக்குப் பங்கு இருக்கலாம். எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. ஒரு பிடியின் மேல் வரும் நம்பிக்கை மட்டும் எந்தக் குழந்தையும் கொண்டுவந்து பிறப்பதில்லை. அடுத்த மண்டலப் போட்டிக்கு முன் இரண்டு மாதம் அவளை வேறு ஊர்ப் பிள்ளைகளோடு, அவளைவிடக் கனமானவர்களோடு ரண்டோரிக்கு அனுப்பச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். நிறைய விழட்டும். போட்டி முடிந்து வரும்போது ஜெயித்தாளா என்பதை மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். நீங்கள் "எந்த கிரிப் கிடைச்சுது?" என்று கேளுங்கள். அவளுடைய எடைப் பிரிவையும், காலையில் எத்தனை மணிக்கு எடை பார்க்கிறார்கள், முதல் ஃபைட் எத்தனை மணிக்கு என்பதையும் எழுதினால், அந்த நடுவே இருக்கும் நேரத்தில் எப்போது சாப்பிடுவது, எப்போது உக்கேமி போட்டு உடம்பைச் சூடாக்குவது என்று விரிவாகச் சொல்கிறேன்.